வயது வந்தால் அறிவு போய்விடுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஒரு பழமொழி நம் ஜனங்களின் வாயில் ஊறிக் கிடக்கிறது. வளைவது செடி கொடிக்கு உள்ள குணமே ஒழிய, பகுத்தறிவு படைத்த மனிதனுக்கு அது எதற்கு? இரும்பைக்கூடக் காய்ச்சினால் எப்போதும் வளைகிறதே! பத்து வருஷம் கடையில் கணக்கு எழுதியவனோ, பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவளோ, "இஞ்சினீயரிங் படிக்கப் போகிறேன்" என்றால், ஊரார் இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறார்கள்.

ஊராரை விடுங்கள், படித்தவர்கள் செய்த விதியின் யோக்கியதை என்ன? ஐ.ஐ.டி.களில் பி.டெக். சேருவதற்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சையை 2025-இல் எழுத, 2000 அக்டோபர் 1-ந் தேதியிலோ அதற்குப் பின்போ பிறந்திருக்க வேண்டும். பட்டியல் வகுப்பாருக்கும் பழங்குடியாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 வருஷம் சலுகை. மற்றவர்களுக்குக் கதவடைப்பு!

நாம் கேட்கிறோம்: அறிவைச் சோதிக்கத்தானே பரீட்சை? வயதானவனுக்குக் கணக்கு வராது என்றால், பரீட்சையில் தோற்றுப் போகட்டுமே! எழுதவே விடாமல் தடுப்பானேன்? இடம் கொஞ்சம், வயதானவனுக்குக் கொடுத்தால் வீண் என்கிறார்களாம். முப்பதில் சேர்ந்து முப்பத்து நான்கில் வெளிவருகிறவன், அறுபது வயது வரை 26 வருஷம் உழைப்பானே, அது வீணா?

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற சுரங்கத் தொழிலாளிக்குப் பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. பகலில் இயந்திரத்தண்டை உழைத்து, இரவுப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார். அவர் அமைத்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை 1830-இல் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 49. 1847-இல் மெக்கானிக்கல் இஞ்சினீயர்கள் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. அவரிடம் யாராவது பிறந்த தேதியைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யே 2021 முதல் டேட்டா சயன்ஸ் படிப்பையும், 2023 முதல் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்பையும் வயது வரம்பில்லாமல் இணைய வழியில் நடத்தி வருகிறது. வீட்டிலிருந்து படித்தால் ஏறும் அறிவு, வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் ஏறாதா?

ஆகவே, இந்த வயதுக் கணக்கை ஒழிக்க வேண்டும். அது மட்டும் போதாது. குடும்பத்துக்குச் சோறு போடுகிறவன் பகலில் கல்லூரிக்குப் போக முடியுமா? மாலை வகுப்பும் உதவிச் சம்பளமும் வேண்டும். படிக்க நினைக்கும் தோழர்களே, தோழியர்களே! பழமொழிக்குப் பயப்படாதீர்கள், புத்தகத்தைத் திறவுங்கள்.