வாங்கிய கத்திக்கு எதற்கு உத்தரவு?

இன்று கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் ஒரு காகிதம் வெட்டும் இயந்திரத்தின் மேல். சரியாகச் சொன்னால், அதை இப்படிச் செய்து விற்கிறவர்கள் மேல்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரிண்டர் அளவில் ஒரு பெட்டி. மைக்குப் பதிலாக உள்ளே சிறு கத்தி. லேசான பசையுள்ள ஒரு பாயில் காகிதத்தை ஒட்டி உள்ளே விட்டால், உருளைகள் பாயை முன்னும் பின்னும் நகர்த்தும். கத்தி இடமும் வலமும் ஓடும். கம்ப்யூட்டரில் நாம் கொடுத்த கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போகும். பூ, எழுத்து, பேரப்பிள்ளையின் பெயர், எதுவானாலும் சரி. புகைப்பட ஆல்பத்தை ஒட்டி அலங்கரிக்கும் ஸ்கிராப்புக் வேலைக்கு இதைத்தான் இப்போது வீடுகளில் வாங்கி வைக்கிறார்கள்.

என் மனைவி காலமாகி ஓராண்டு நிறைவதற்குள் பேரப்பிள்ளைகளுக்கு ஓர் ஆல்பம் செய்ய நினைத்தேன். அலுவலகத்தில் வருடா வருடம் கொடுத்த டைரிகளில் நான் எழுதியது குறைவு. அவள் கோலம் போட்டு வைத்ததுதான் அதிகம். அந்தக் கோலங்களை வண்ணக் காகிதத்தில் வெட்டி, படங்களுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் எழுபதைத் தாண்டிய கை நடுங்குகிறது. சிக்குக் கோலத்தின் வளைவுகளில் கத்தரிக்கோல் தடம் மாறியது. "விடுங்கப்பா, இதுக்குன்னே ஒரு மெஷின் இருக்கு" என்று மகள் வாங்கி வந்தாள்.

குறை சொல்லும் முன் நல்லதையும் சொல்ல வேண்டும். வேலை பிரமாதம். கோலத்தைப் படம் எடுத்து, கோட்டுக்குக் கொஞ்சம் அகலம் கொடுத்து வெட்டினால், ஒரே கம்பி அறுபடாமல் பின்னல் போல எழுந்து வருகிறது. புள்ளிகள் மட்டும் தனியே உதிர்ந்துவிடும். கம்பி புள்ளியைச் சுற்றிப் போகிறதே தவிரத் தொடுவதில்லையே! அவற்றை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். பத்துக் கோலம் முடிந்தது. இன்னும் பன்னிரண்டு பாக்கி.

அப்போதுதான் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு நம்மூருக்கு அருகே அது கரையைக் கடந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் திரும்பிய பிறகும் எங்கள் தெருவுக்கு இணையம் வரவில்லை. நினைவு நாளுக்கு நான்கே நாள். கோலம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. காகிதம் பாயில் இருக்கிறது. கம்ப்யூட்டரையும் இயந்திரத்தையும் ஒரு கம்பி இணைக்கிறது. எல்லாம் ஒரே மேசையில். ஆனாலும் கத்தி அசையவில்லை. முதலில் இணையம் வழியாக உள்ளே நுழைந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டுமாம்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன் நான். அனுமதி என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கோப்பு மேலே போகும், கீழே வரும். "மேலிடத்து உத்தரவு வரணுங்க" என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! என் வீட்டு மேசையில், நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கத்தி, அதே பதிலை எனக்குச் சொல்லும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பழைய நொத்தேர் பத்திரங்களை வாசித்துச் சொல்லும் வேலை அடிக்கடி என் மேசைக்கு வரும். அந்தப் பத்திரங்களுக்கெல்லாம் ஆதாரம் 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம். அதன் 544-ஆம் பிரிவு சொத்துரிமை என்றால் என்ன என்று சொல்கிறது: சட்டம் தடுக்காத வரை, ஒரு பொருளை அனுபவிக்கவும் தன் இஷ்டப்படி கையாளவும் உள்ள முழு உரிமை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த இயந்திரம் எனக்குச் சொந்தமில்லை. முழு விலையையும் வாங்கிக்கொண்டு எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதை ரசீதில் எங்கும் எழுதவில்லை.

தம்பி மகன் வாதாடினான். "பெரியப்பா, ஆயிரக்கணக்கான டிசைன் தர்றாங்க. அதுக்கு நெட்டும் கணக்கும் வேணாமா?" அவர்களுடைய டிசைனுக்குக் கேட்கட்டும், நியாயம். வாசகசாலையில் புத்தகம் எடுத்தால் சந்தா கட்டுகிறோம். ஆனால் நான் வெட்டக் கேட்டது என் மனைவி போட்ட கோலம். அதற்கு எதற்கு இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும்?

இது என் வீட்டில் மட்டும் நடந்த கதையும் இல்லை. என்னுடையது வேறு நிறுவனத்தின் இயந்திரம். அதன் பெயர் வேண்டாம். ஆனால் இந்தத் தொழிலில் பெரிய பெயரான கிரிக்கட் செய்தது ஊரறிந்தது. கார்ட்ரிட்ஜ் செருகி, கம்ப்யூட்டர் இல்லாமலே வெட்டும் இயந்திரங்களை ஒரு காலத்தில் அவர்களே விற்றார்கள். பிறகு 'கிரிக்கட் மினி' என்று ஒன்று. அது இணையத்தில் இருந்த அவர்களுடைய ஒரு மென்பொருளை நம்பியே ஓடியது. 2018-இல் அந்த மென்பொருளை மூடினார்கள். கத்தி மழுங்கவில்லை, மோட்டார் எரியவில்லை. ஆனாலும் அந்த இயந்திரம் வேலைக்கு உதவாமல் போயிற்று. 2021 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு: சந்தா கட்டாதவர்கள் தங்கள் சொந்தப் படங்களை மாதத்துக்கு இருபதுதான் ஏற்றலாம் என்று. வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். சில நாட்களிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். நாம் சத்தம் போட்டால் நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

வேறு வழியில் செய்ய முடியாது என்பதும் பொய். பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட் இயந்திரத்தில் ஸ்கேனர் உள்ளேயே இருக்கிறது. காகிதத்தில் போட்ட படத்தைத் தானே பார்த்து, கம்ப்யூட்டர் இல்லாமலே வெட்டும். சில்லவெட் நிறுவனத்தின் மென்பொருள் நம் கம்ப்யூட்டரிலேயே இருந்து, இணையம் இல்லாதபோதும் வேலை செய்யும். ஆகவே இது தொழில்நுட்பத்தின் குறை அல்ல. வாங்கியவன் கையைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை.

"காகிதம் வெட்டும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பீர்கள். நம் வயதில் பொழுதுபோக்கு எது, கடமை எது? ஒரு திதிக்குள் முடிக்க வேண்டிய வேலையை இணையம் வரட்டும் என்று தள்ளிப்போட முடியுமா? அந்தப் பன்னிரண்டு கோலங்களையும் கடைசியில் கத்தரிக்கோலால்தான் வெட்டினேன். நான்கு நன்றாக வந்தன. மற்றவை கோணல்தான். அப்படியே ஒட்டிவிட்டேன். பாட்டியின் கோலம் தாத்தாவின் கையில் கோணிப்போனது என்று பிள்ளைகள் சிரிக்கட்டும்.

உங்கள் மகனோ மகளோ இப்படி ஓர் இயந்திரம் வாங்கக் கிளம்பினால், தடுக்காதீர்கள். கூடவே கடைக்குப் போங்கள். விற்பவரிடம் வை-ஃபையை அணைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையால் வரைந்து, முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றிய ஒரு படத்தை அங்கேயே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டினால் வாங்குங்கள். தலையைச் சொறிந்தால், அந்தக் காசுக்கு நல்ல கத்தரிக்கோல் நிறைய வாங்கலாம்.