பொன்னாடை யாருக்கு?

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் நடந்த ஒரு விவாதத்தை உறுப்பினர்கள் அனைவர் முன்னும் வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். மும்பை மாநகராட்சியின் மக்கள் தொடர்புப் பிரிவில் 32 ஆண்டுகள் பணியாற்றிய ஓர் அதிகாரி இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்கு நம் சங்கத்தில் ஒரு பாராட்டு விழா எடுக்கலாம் என்று நான் பேச்சை ஆரம்பித்தேன். அறையில் சற்று நேரம் மௌனம். பிறகு நம் பொருளாளர், எப்போதும்போல் நேராகவே, "அவர் நமக்கு என்ன செய்தார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவர் தமிழர் அல்லர். கொங்கணப் பக்கத்து மராத்திக்காரர். சங்கக் கட்டடத்துக்கு இடம் வாங்கித் தரவில்லை. பொங்கல் விழாவுக்கு மைதானம் பிடித்துக் கொடுத்ததும் இல்லை. அதெல்லாம் அவர் கையில் இருக்கவும் இல்லை. "பேப்பர்காரங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து நியூஸ் போடச் சொல்ற உத்தியோகம்தானே சார்!" என்றார் இளைய உறுப்பினர் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

நாம் இதுவரை பொன்னாடை போர்த்தியவர்களின் பட்டியலை விழா மலர்களில் புரட்டிப் பார்த்தேன். பின்னணிப் பாடகர்கள், ஊரிலிருந்து வந்த மந்திரிகள், பட்டிமன்ற நடுவர்கள், ஒரு வருமான வரி அதிகாரி (ஏன் என்று கேட்காதீர்கள்). எல்லோரும் மேடைக்கு வந்தவர்கள். மேடைக்குப் பின்னால் நின்று ஊருக்குச் சேதி சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

அப்படி என்ன சேதி? கோடையில் ஏரிகளில் தண்ணீர் குறைகிறது. துல்சி, விஹார், தான்சா, மோடக் சாகர், பாட்சா, மேல் வைதர்ணா, நடு வைதர்ணா ஆகிய ஏழு ஏரிகளின் அளவையும் வைத்துக்கொண்டு இஞ்ஜினியர் 'பத்து சதவீத வெட்டு' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார். அது அவருக்குப் புரியும். காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு நிற்கிற அம்மாவுக்குப் பத்து சதவீதம் என்றால் என்ன? எந்த வார்டில், எத்தனை மணிக்குக் குழாய் வரும், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதுதான் அவருக்கு வேண்டும். இஞ்ஜினியரை மறுபடி கேட்டு, அந்த ஒரு வரியைக் குழாயடிக்குப் புரியும்படி மாற்றி, பத்திரிகைகள் அச்சுக்குப் போகும் முன் அனுப்புவதுதான் அந்த உத்தியோகம். சைக்ளோஸ்டைல் தாளில் ஆரம்பித்து, ஃபேக்ஸ், ஈமெயில், வாட்ஸ்அப் என்று கருவி மாறியதே தவிர, வேலை மாறவில்லை. கேட்பவர்களோ 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர்.

அவர் சொன்னதெல்லாம் சத்திய வாக்கு என்று சான்றிதழ் தர நான் தயாரில்லை. நிர்வாகத்தின் ஓட்டையை மூடிப் பேசுவதும் எந்த ஊரிலும் அந்த உத்தியோகத்தில் பாதி. ஆனால் மறு பாதியின் அருமை எனக்கு 2005-ல் தெரிந்தது.

அந்த ஜூலை 26-ஐ அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவு. அதே நாளில் கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டர்கூட இல்லை. தெற்கே கோட்டைப் பகுதியில் ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வடக்கே ஊர் முழுகுவது ஜன்னலில் தெரியவில்லை. போதாததற்குக் கடலில் ஏற்றம். அந்த நேரத்தில் மழைத் தண்ணீர் கடலுக்குள் இறங்காது. டெலிபோன் போயிற்று, கரண்ட் போயிற்று. நான் சயானில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது.

மழையாவது இரண்டு நாளில் விட்டது. வதந்தி விடவில்லை. 28-ந்தேதி, அணை உடைந்துவிட்டது, சுனாமி வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, ஜூஹு நேரு நகரில் ஜனங்கள் இருட்டில் சந்துகளில் விழுந்தடித்து ஓடி, நெரிசலில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது தண்ணீர் அல்ல. 'அணை உடையவில்லை' என்று நம்பத் தகுந்த குரலில் ஒருவர் சொல்லி, அது அந்தச் சந்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள்.

எங்கள் கட்டடத்திலும் ஒரு வதந்தி வந்தது. குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டதாம். மாடித் தொட்டியைத் திறந்துவிட ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பழைய பத்திரிகை நண்பர் கொடுத்திருந்த நம்பருக்கு நான் போன் போட்டேன். எடுத்தவர் இவர்தான். கேட்டதும், "எனக்கு இன்னும் தெரியாது, ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள்" என்றார் ஹிந்தியில். சர்க்கார் ஆபீசில் 'எனக்குத் தெரியாது' என்று ஒருவர் ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதலில் கேட்டேன். ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். தெரிந்து வைத்திருந்தார். "விஷம் எதுவும் இல்லை, ஆனால் காய்ச்சிக் குடியுங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." நாலைந்து நாளில் கீழ்வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். சாதாரண ஜுரம், கஷாயம் போதும் என்றார் பாட்டி. அந்த வார்த்தை காதில் இருந்ததால் அன்றே தூக்கிக்கொண்டு போனோம். எலிக்காய்ச்சல். பையன் பிழைத்தான். அந்த ஆகஸ்டில் மும்பையில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வார்த்தை போய்ச் சேரவில்லை.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. மாநகராட்சியின் அறிவிப்புகள் மராத்தியில் வருகின்றன. அப்படித்தான் வர வேண்டும். இது அவர்கள் ஊர், நாம் பிழைக்க வந்தவர்கள். நம் குழந்தைகளுக்காகத் தமிழ் வழிப் பள்ளிகளையும் மாநகராட்சி நடத்துகிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் தாராவியில் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கி ஆறு மாதமான ஒரு தொழிலாளிக்கு மராத்தியும் வராது, ஆங்கிலமும் வராது. தன் தெருவில் தண்ணீர் ஏறப்போகிறது என்ற சேதி, டி.வி. பார்த்துவிட்டு ஊரிலிருந்து அக்கா போன் பண்ணினால்தான் அவருக்குத் தெரிகிறது. 2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோதும், அறிவிப்பை முந்திக்கொண்டு ஓடியது வதந்திதான். இத்தனைக்கும் நடுவே நம் சங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்றால், நிவாரண அரிசி கொடுத்தோம். நல்ல காரியம். அதற்கு முன்னால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை.

விழாவுக்குச் சம்மதம் கேட்க நானும் செயலாளரும் அவர் ஆபீசுக்குப் போனோம். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கும்பிட்டார்.

"சால்வை வேண்டாம், சாஹேப். வீட்டில் வைக்க இடமில்லை" என்றவர், கொஞ்சம் யோசித்து, "மராத்தி படித்து அரை மணியில் தமிழில் எழுதக்கூடியவர்கள் உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மழைக்காலத்துக்கு முன்பே பெரிய ஏற்றம் வரும் நாட்களின் பட்டியல் வெளியாகிறது. அதையாவது தமிழில் எழுதி ஒட்டுங்கள். 1916 என்ற நம்பரையும் பெரிதாகப் போடுங்கள்" என்றார். தன் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், போடவில்லை.

என் கருத்து இதுதான். விழா நடக்கட்டும். பொருளாளர் கவலைப்பட வேண்டாம், ஒரு காபியும் வடையும் போதும். அந்த மேடையிலேயே, அவர் முன்னிலையிலேயே, ஒரு மொழிபெயர்ப்புக் குழுவை ஆரம்பிப்போம். தண்ணீர் வெட்டு, கடல் ஏற்றம், தடுப்பூசி முகாம் ஆகிய மூன்று அறிவிப்புகள் மட்டும் முதல் வருடம் போதும். தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் கோவில் வாசல்களிலும் மளிகைக் கடைகளிலும் ஒட்டுவோம், வாட்ஸ்அப்பிலும் அனுப்புவோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவோம். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அது.

இங்கேயே பிறந்து, பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்த நம் பிள்ளைகள்தான் இதற்குத் தகுதியானவர்கள். தமிழ் எழுத்துப் பிழை வந்தால் திருத்துவதற்கு என்னைப் போன்ற ரிடையர்டு ஆசாமிகள் இருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் கொடுக்கலாம். இதுவரை மூன்று பேர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் பெண் பிள்ளைகள்; அதில் ஒருத்தி பொருளாளரின் பேத்தி.