உரக்கப் பேசிப் பழகுங்கள்: மெல்போர்னிலிருந்து ஒரு மடல்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்து இளையோருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

மந்தைவெளியில் வளர்ந்து, தமிழ் வழியில் பள்ளி முடித்து, இப்போது மெல்போர்னில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எழுதச் சொன்னா எழுதிடுவேன், பேசத்தான் வரமாட்டேங்குது. எந்த கிளாஸ்ல சேரட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்த பதிலை எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

வகுப்பில் சேருவதும் சேராததும் உங்கள் வசதி. ஆனால் எந்த வகுப்பில் சேர்ந்தாலும், பேச்சு வருவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் வாய்விட்டுப் பழகும் நேரத்தில்தான். அதற்குப் பணம் வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம்.

தனியாகப் பழகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மூரில் ஒரு பையன் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சரளமாகப் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்கிறோம். தப்பாகப் பேசினால் அதையே நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறோம். பேசினாலும் அடி, தடுமாறினாலும் அடி என்றால் பிள்ளை வாயைத் திறக்குமா? பன்னிரண்டு வருடம் ஆங்கிலப் பாடம் படித்தவர்கள் நேர்முகத் தேர்வில் ஊமையாக உட்காருவது இதனால்தான். இலக்கணம் தெரியும், சொற்களும் தெரியும், நாக்குக்குத்தான் பழக்கமில்லை. மார்கழி முழுக்கச் சபா சபாவாகக் கச்சேரி கேட்டாலும், விடியற்காலையில் சாதகம் பண்ணாதவருக்குப் பாட்டு வராது என்பது மயிலாப்பூருக்குத் தெரியும். பேச்சும் அப்படித்தான்.

லஸ்ஸில் ரானடே நூலகத்தின் சீனிவாச சாஸ்திரி ஹாலுக்கு ஏதாவது ஒரு கூட்டத்துக்காவது நீங்கள் போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1869-ல் வலங்கைமானில் எளிய வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் படித்தார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். 1919-ல் இங்கிலாந்து போனபோது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் 'வெள்ளி நாக்கு' என்று வெள்ளைக்காரர்களே புகழ்ந்த அந்த ஆங்கிலம் காவிரிக் கரையிலும் திருவல்லிக்கேணியிலும் உருவானது. காந்தியடிகளின் சுயசரிதையுடைய ஆங்கில மொழிபெயர்ப்பின் நடையைத் திருத்திக் கொடுத்தவரும் அவரே.

நான் இருக்கும் இந்த நாட்டுக்கும் அவர் 1922-ல் வந்தார். அப்போது ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மெல்போர்னில்தான் கூடிக்கொண்டிருந்தது. இங்கே குடியிருந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கொடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். 1925-ல் அதற்குச் சட்டம் வந்தது. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் தன் மக்களுக்காக எதைக் கேட்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். அதே மனிதர்தான் 1944-ல் மயிலாப்பூரில் ராமாயணச் சொற்பொழிவுகளை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார்.

சாஸ்திரியாராவது பட்டதாரி. தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாழ்ந்த காமராஜர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். அவர் ஆங்கிலம் கற்றது சிறையில், புத்தகங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு. பிறகு அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்து, தமிழ் தெரியாத தலைவர்களோடு நாட்டின் காரியங்களைப் பேசி முடித்தார். அலங்காரம் இல்லாத அந்த ஆங்கிலம் அவருக்கு எங்கும் குறை வைக்கவில்லை.

இனி, எப்படிப் பழகுவது என்று சொல்கிறேன்.

முதலில் காது. ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியை 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் போடுங்கள். வாசிப்பவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் பின்தங்கி, அவரோடு சேர்ந்தே உரக்கச் சொல்லிக்கொண்டு போங்கள். பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களிலும் இந்த முறை உண்டு. முதல் வாரம் மூச்சு வாங்கும். பிறகு எங்கே நிறுத்துவது, எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பது தானாகப் படியும்.

அடுத்தது அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஒரு அசை ஓங்கும், மற்றவை அமுங்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். 'ஃபோட்டோகிராஃபி' என்றால் அது இரண்டாம் அசைக்குப் போய்விடும். என் வேலையில் சோதனை முடிவுகளைத் தொலைபேசியில் வார்டுக்குச் சொல்ல வேண்டும். 'ஃபிஃப்டீன்' என்பதில் கடைசி அசையும் 'ஃபிஃப்டி' என்பதில் முதல் அசையும் ஓங்காவிட்டால், எதிர்முனையில் இருப்பவருக்குப் பதினைந்தா ஐம்பதா என்று தெரியாது. அதனால்தான் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்தும் சொல்கிறோம். அகராதியில் ஒரு சொல்லைப் பார்க்கும்போது பொருளோடு அழுத்தக் குறியையும் பாருங்கள்.

ஒலிகளில் நமக்குத் தொல்லை தருபவை சிலதான். 'ஃபேன்' என்பது 'பேன்' ஆகாமல் இருக்க மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். 'வி'-க்கும் பல் உதட்டைத் தொடும், 'டபிள்யூ'-க்கு உதடு குவியும். 'எக்ஸாம்' 'யெக்ஸாம்' ஆவதையும் 'ஒன்லி' 'வொன்லி' ஆவதையும் கண்ணாடி முன் நின்று கவனித்தால் ஒரே மாதத்தில் சரிசெய்துவிடலாம். இதற்கு மேல் வெள்ளைக்காரன் மாதிரி பேச வேண்டிய அவசியம் இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்விலேயே பிரிட்டிஷ் உச்சரிப்புக்கென்று மதிப்பெண் கிடையாது. கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, சொந்தப் பேச்சு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறு வயதில் எழுத்துநடை கற்ற வழி ஒன்று உண்டு. ஒரு நல்ல கட்டுரையைப் படித்துக் குறிப்பு எடுப்பார். சில நாள் கழித்துக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தாமே எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவார். அதைப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹிந்துவில் ஒரு செய்தியைப் படித்து, தாளை மடித்துவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல இரண்டு நிமிடம் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். எந்த இடத்தில் திக்கினீர்கள், எந்தச் சொல் கிடைக்கவில்லை என்பதை உங்கள் குரலே காட்டிக்கொடுக்கும். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியும் இதே அளவுதான்: ஒரு நிமிடம் யோசனை, அதிகம் போனால் இரண்டு நிமிடம் பேச்சு.

தமிழில் வாக்கியத்தை முழுதாக யோசித்து மொழிபெயர்க்காதீர்கள். நமக்கு வினை கடைசியில் வரும், அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும். அந்த இடத்தில்தான் வாய் நின்றுபோகிறது. சின்னச் சின்னச் சொற்றொடர்களாகவே மனப்பாடம் செய்து, அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள். சாம்பார் கொதிக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், பார்ப்பதையெல்லாம் மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

புத்தகங்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கூச்சம் கொஞ்சம் விலகியதும் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாங்காயின் மக்கள் பூங்காவில் முன்பின் தெரியாதவர்கள் ஒன்றுகூடி ஆங்கிலம் பேசிப் பழகும் 'ஆங்கில மூலை' பெயர்பெற்றது. நமக்கு நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது, நடேசன் பூங்கா இருக்கிறது, எலியட்ஸ் கடற்கரை இருக்கிறது.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அறைக்குள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்துச் சிரிக்காதீர்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி "இங்கிலீஷ்ல பேசு பார்க்கலாம்" என்றும் சொல்லாதீர்கள். ஆங்கிலத்துக்காக வீட்டில் தமிழை விட்டுவிடவும் வேண்டாம். தமிழில் ஒரு விஷயத்தைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அது கைகூடும்.

தம்பி தங்கைகளே, ஆங்கிலம் நம் அறிவுக்கு அளவுகோல் ஆகாது. அது வேலை கேட்க, நியாயம் கேட்க, நம் பக்கத்தைச் சொல்ல உதவும் ஒரு திறமை, அவ்வளவுதான். அந்தத் திறமை இல்லாததால் உங்களில் ஒருவர்கூட வாசலோடு திரும்பக் கூடாது என்பதுதான் என் கவலை. தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். உரக்கப் பேசுங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்று இரவே தொடங்குங்கள்.

அன்புடன்,
மெல்போர்னிலிருந்து உங்கள் மந்தைவெளிக்காரன்