தேர்வில் வென்றவரை வெளியேற்றிய மன்றம்

லண்டனின் ‘மேஜிக் சர்க்கிள்’, உலகின் பேர்பெற்ற மந்திரவாதிகள் மன்றங்களில் ஒன்று. 1905-இல் சோஹோ பகுதியின் பினோலி உணவகத்தில் 23 வித்தைக்காரர்கள் கூடிப் பேசியதில் பிறந்தது. டேவிட் டெவன்ட் முதல் தலைவர். தொழில் ரகசியத்தைக் காப்பதே குறிக்கோள். தேர்வில் தேறினால்தான் உள்ளே இடம். அப்போது இளவரசராக இருந்த சார்லஸே 1975-இல் கிண்ணமும் பந்தும் வைத்து, நம்மூர் செப்படி வித்தை போல ஒன்றைச் செய்து காட்டித்தான் உறுப்பினரானார்.

கண்முன் செய்து காட்டு, அப்புறம் நம்புகிறோம் என்பதில் இந்த மன்றம் கறாராக இருந்தது. இந்தியக் கயிற்று வித்தையை உலகமே வாய்பிளந்து பேசிய காலத்தில், 1934-இல், அதன் குழு ஒன்று பொதுக்கூட்டம் போட்டு ஆராய்ந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆம்ப்ட்ஹில் பிரபுதான் தலைமை. திறந்தவெளியில் கயிற்றை நிமிர்த்தி, அதில் ஏறும் சிறுவனை மறையவைத்துக் காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அந்தப் பரிசை ஒருவரும் வெல்லவில்லை. வதந்தியை அளக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது.

இத்தனை நேர்மையான அளவுகோலை வைத்திருந்தவர்கள், பெண்களிடம் மட்டும் அதை நீட்டவே இல்லை. பெட்டிக்குள் பெண்ணைப் படுக்கவைத்து ரம்பத்தால் அறுக்கும் காட்சியை 1921-இல் லண்டன் மேடைக்குக் கொண்டுவந்தார் செல்பிட் என்ற வித்தைக்காரர். மேடைக்குப் பெண் இல்லாமல் முடியாது. மன்றத்துக்குள் மட்டும் ஆகாது. 86 ஆண்டுகள் இப்படியே ஓடின.

நடிகையும் வித்தைக்காரருமான ஜென்னி வின்ஸ்டன்லிக்கு இது பொறுக்கவில்லை. ஆண் வேடம் தனக்குப் பொருந்தாது என்று கருதி, சோஃபி லாய்ட் என்ற இளம் நடிகையைத் தயார்செய்தார். வித்தையும் நடையும் பழக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. தலையில் டோப்பா, உடலைப் பருமனாக்கும் உள்ளுடுப்பு, தாடையை உப்பவைக்க வாய்க்குள் அடைப்பு. தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லிச் சோஃபி குரலை மறைத்தார். விரல்கள் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கையுறை. ஒரு பொருளை உள்ளங்கையில் ஒளிப்பதற்குத் தொடுவுணர்வு முக்கியம். துணியைப் போர்த்திய விரல்களால் அதைச் செய்வதற்கு எத்தனை மாதப் பயிற்சி வேண்டும்! ‘ரேமண்ட் லாய்ட்’ என்ற இளைஞராக வேடமிட்டு அவர் 1991 மார்ச்சில் தேறினார். தேர்வாளர் அவரோடு உட்கார்ந்து பேசியும் சந்தேகப்படவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் பெண்களைச் சேர்க்க மன்றம் முடிவெடுத்தது. இருவரும் உண்மையைச் சொன்னார்கள். ஏமாற்றிச் சேர்ந்தார் என்று சோஃபியை வெளியேற்றினார்கள். பெண்களுக்குக் கதவைத் திறந்த கையோடு, பெண்ணாலும் தேற முடியும் என்று நிரூபித்தவரைத் துரத்தினார்கள். விதியை மீறினார் என்பது உண்மைதான். அந்த விதியே அநீதியாக இருந்தது. தேர்வில் காட்டிய திறமையோ கலப்படமற்றது.

பின்னாளில் மன்றம் சோஃபியைத் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு, 2025 ஏப்ரலில் உறுப்பினர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. தவறை ஒப்புக்கொள்ள ஒரு நிறுவனத்துக்குத் துணிவு வேண்டும், பாராட்டலாம். ஆனால் 34 ஆண்டுகள் மிக நீண்ட காலம். திட்டம் தீட்டிய வின்ஸ்டன்லி 2004-இல் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தச் சான்றிதழில் பாதி அவருடையது.

2021-இல் மெகன் ஸ்வான் மன்றத்தின் முதல் பெண் தலைவரானார். இருந்தும் உறுப்பினர்களில் பெண்கள் சுமார் 5 சதவீதம்தான். சிறுவர் சிறுமியருக்கென்று மன்றமே ஒரு கிளை நடத்துகிறது. அங்கே வரும் சிறுமிகளுக்கு உதவியாளர் வேடத்தைத் தராமல் மேடையின் நடுவிடத்தைத் தருவதுதான் சோஃபிக்குச் செய்யவேண்டிய மீதி ஈடு.