எதிரணி இல்லாத வளாகம்

தம்பானூர் ரயில் நிலையத்திலும் அதன் எதிரே உள்ள பேருந்து நிலையத்திலும் நாள்தோறும் காலையில் வந்திறங்குவோரில் கல்லூரி மாணவர்கள் கணிசமானோர். அங்கிருந்து தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையம் நோக்கிச் சென்றால், 1866-ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியைக் காணலாம். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் போதித்த கல்லூரி அது.

அந்த வளாகத்தில் 2019 ஜூலையில் மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். குற்றம்சாட்டப்பட்டவர்கள் இந்திய மாணவர் சங்கத்தின் கல்லூரிக் கிளை நிர்வாகிகள். குத்தப்பட்டவரும் அதே சங்கத்தைச் சேர்ந்தவர்தான். அதற்கு முந்தைய ஆண்டு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில், சுவர் எழுத்து தொடர்பான தகராறில் இடுக்கி மாவட்டம் வட்டவடையைச் சேர்ந்த மாணவர் கொல்லப்பட்டார்.

இத்தகைய ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னும், வளாகத்தில் அரசியலே கூடாது என்ற குரல் எழுகிறது. வளாக அரசியலுக்குத் தடை விதிக்கக் கல்லூரிகளுக்கு உரிமை உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்தது. வகுப்புகளை முடக்கும் வேலைநிறுத்தம், முற்றுகை ஆகியவற்றுக்கு 2020-ல் தடை விதித்தது. கற்க வந்த மாணவனின் உரிமையைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், பேச்சையும் சேர்த்துத் தடுப்பது தீர்வாகாது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம். நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவர், தம் கல்லூரியின் கட்டணம் பற்றியும் விடுதி பற்றியும் வாய்திறக்கக் கூடாது என்பது முரண். கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் ஏற்றுச் செயல்படுத்த ஆணையிட்டது. வேட்பாளரின் செலவுக்கு ரூ. 5,000 வரம்பும், 75 சதவீத வருகைப்பதிவு நிபந்தனையும் வகுத்த அக்குழு, மாணவர் தேர்தலே வேண்டாம் என்று கூறவில்லை. நியமன முறை உள்ள இடங்களும் ஐந்தாண்டுகளில் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றே கூறியது.

உண்மையான நோய், ஒரு வளாகத்தை ஓர் அமைப்பே தன் கோட்டையாக்கிக் கொள்வதுதான். எதிர்த்து மனுத்தாக்கல் செய்ய ஆளில்லாத தேர்தல், தேர்தலே அல்ல. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஊதியமும் வசதிகளும் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளன. அரசைக் குறை கூறுபவருக்கு அரசுக் கருவூலமே ஊதியம் அளிக்கிறது. மாற்றுக்குரல் அவைக்கு இன்றியமையாதது என்ற தெளிவே அதற்குக் காரணம்.

அந்தத் தெளிவு கல்லூரிகளுக்கும் வேண்டும். தோற்ற அணிக்கும் மாணவர் பேரவையில் இடமளிக்கலாம். மாதம் ஒருமுறை முதல்வரிடம் மாணவர்கள் நேரடியாகக் கேள்வி கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அறிவிப்புப் பலகையிலும் அரங்கிலும் எல்லா அமைப்புகளுக்கும் சம உரிமை வழங்கலாம். மிரட்டலில் ஈடுபடுவோர் எக்கட்சியின் நிழலில் நின்றாலும் நடவடிக்கை பாய வேண்டும். இளைஞர் நாடாளுமன்றப் போட்டியில் ஒத்திகை பார்த்து எதிர்க்கட்சியாக நடிப்பதைவிட, சொந்த வளாகத்தில் அச்சமின்றி எதிர்த்துப் பேசுவதே மேலான பயிற்சி.

மாற்றுக் கருத்து கொண்ட சக மாணவனைச் சகிக்கப் பழகாதவர், நாளை சட்டப்பேரவையில் மட்டும் எப்படிச் சகிப்பார்? கட்சிகள் தங்கள் மாணவர் அமைப்புகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.