ஒக்டோபர் 30-உம் ‘முடியாது’ என்கிற நண்பர்களும்

பலஸ்தீன மக்களைக் கூட்டங்கூட்டமாக வேறு நாடுகளுக்குப் பெயர்த்து அனுப்பிவிட முடியுமா என்று நம் இலக்கிய நண்பர்களிடையே நடக்கும் விவாதத்தைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். முடியாது என்பவர்களே அதிகம். காஸாவில் மட்டும் 20 லட்சம் பேர், உலகமே கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறது, எகிப்தும் ஜோர்தானும் ஏற்காது, இது 1948 அல்ல என்கிறார்கள். 2025 பெப்ரவரியில் ட்ரம்ப் காஸாவைக் காலிசெய்து கடற்கரை நகரமாக்குவேன் என்றபோது, அது வெறும் வாய்ச்சவடால் என்று ஒரு கூட்டத்தில் நண்பரொருவர் பேசினார். நல்ல கைதட்டல். என்னால் தட்ட முடியவில்லை. நான் பூனாகலைக்காரன். பெயர்ப்பது முடியாத காரியம் என்று பூனாகலையில் பிறந்தவனால் சொல்ல முடியாது.

நண்பர்களின் மனதில் ஒரு படம் இருக்கிறது. ஒரே நாளில் பட்டாளம் வந்து, ஊரையே லொறியில் ஏற்றி, எல்லையில் கொட்டுகிற படம். அந்தப் படம் நடக்காதவரை எதுவும் நடக்கவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். எங்கள் மலையில் நடந்தது அந்தப் படம் அல்ல. இங்கே முதலில் வந்தது கடுதாசி.

1948-இல், பலஸ்தீனத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்த அதே ஆண்டில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்கள் ஏழு லட்சம் பேரளவில் இருந்த இடத்திலேயே நாடற்றவராயினர். ஒருவரும் லயத்தைவிட்டு அசையவில்லை. மறுநாளும் பெரட்டுக்குப் போனார்கள், கொழுந்து பறித்தார்கள். 1949-இல் இந்தியர் பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோலத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்துச் சனம் எதைக் காட்டும்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போயிற்று. கிடைத்தது 1,34,000 பேரளவுக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். 1948-இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் டி.பி. ஜாயா இருந்தார். தமிழ் அமைச்சர்களும் இருந்தார்கள். ஜாயாவின் கல்விப் பணியையும் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த ஆதரவையும் நாம் விழா எடுத்துப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒரு பக்கத்தை நம் மலர்களில் எவரும் அச்சிட்டு நான் கண்டதில்லை. அந்தச் சட்டங்கள் தோட்டத்துத் தமிழரை மட்டும் தொடவுமில்லை. குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியச் சோனகர்’ என்று எழுதப்பட்ட நம்மவர்களும் அதே வரிசையில் நின்றவர்கள்தான்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக 75,000, 75,000 என்று பிரித்தார்கள். நடுவில் ஒரு விகிதமும் இருந்தது: 7 பேரைக் கப்பலேற்றினால் 4 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. ஆடுமாடு பங்கு வைக்கும்போதுகூட மனிதன் கொஞ்சம் தயங்குவான். இதில் எவரும் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு நாட்டுப் பிரதமர்கள், முறையான ஒப்பந்தம், மாலை மரியாதை. அந்த மக்களிடம்தான் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

இனி நான் கண்ணால் கண்டது. வாப்பாவுக்குப் பூனாகலையில் ஒரு சில்லறைக் கடை. 1973, 74 காலம் எனக்குப் பத்து, பதினொரு வயது. கூப்பன் அரிசி குறைந்து, மாவும் கிடைக்காமல், தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம். இந்தியாவுக்கு மனுப்போடத் தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்த நாட்களில்தான் ‘போயிருவோம்’ என்று முடிவுகட்டின. பசி கையெழுத்து வாங்கிற்று. இதற்கு அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ‘விருப்பத்தின் பேரில்’.

போகிறவர்கள் பித்தளைக் குடம், செம்புத் தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவந்தார்கள். வாப்பா தராசில் போட்டு நிறுத்து எடுத்தார். கடன் கொப்பியில் இருந்த பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். ஒரு நாள் ஓர் அம்மா, “நானா, இது எங்க அம்மா சீரு. எட போட்டா பாக்குறீங்க?” என்று கேட்டார். “எல்லாரும் ஒண்டாக் கொண்டு வந்தா நான் என்ன செய்ய, தங்கச்சி” என்றார் வாப்பா. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஐந்து வேளையும் தொழுதவர். பந்தாரவளை ஸ்டேசன்வரை போய் வழியனுப்பியும் வைத்தவர். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் கடை பெருத்தது. ஒரு சனம் பெயர்க்கப்படுகிறபோது நிறுத்து வாங்க ஒரு தராசு பக்கத்தில் தேவைப்படுகிறது. எங்கள் ஊரில் அந்தத் தராசு எங்களுடையது. ஒப்பாரிக் கோச்சி என்று சனம் பேர் வைத்த அந்த ரயில் தலைமன்னாரை நோக்கிப் புறப்படும்போது எழும் அழுகையை நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் கூட்டத்தில் கைதட்ட முடியவில்லை.

சரி, ஒப்பந்தம் வென்றதா? முழுதாக வெல்லவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், ஐந்தேகால் லட்சம் நிறையவில்லை. இங்கேயே இருக்கிறோம் என்று மனுப்போட்டவர்கள் ஒதுக்கிய தொகையைவிட அதிகம். 1982-இல் இந்தியா ஒப்பந்தக் காலம் முடிந்தது என்றது. 1984-இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. 1988, 2003 சட்டங்களால் மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வந்தது. ‘பார்த்தீர்களா, முடியவில்லையே’ என்று நண்பர் துள்ளுவார். மண்டபம் முகாமில் இறங்கி, நீலகிரியில் டேன்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனவர்களிடம் போய் அதைச் சொல்லட்டும். அந்த டேன்டீ நிலத்திலும் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்ப 2022-இல் தமிழக அரசு முடிவெடுத்தது.

எங்கள் மலையில் அது பாதியில் நின்றதற்கு ஒரு பெரிய காரணம், தேயிலைக்குக் கை வேண்டும் என்பது. துரைமாருக்கு இந்த மக்கள்மேல் பிரியமில்லை, இவர்களுடைய விரல்கள்மேல் பிரியம். பலஸ்தீன விஷயத்தில் எனக்குப் பயமே இங்கேதான். 2023 ஒக்டோபருக்குப் பிறகு பலஸ்தீனத் தொழிலாளரின் வேலை அனுமதியை இஸ்ரேல் நிறுத்திற்று. அந்த வெற்றிடத்துக்கு ஆள் அனுப்பியவர்கள் யார்? இந்தியாவும் நமது இலங்கையும். விவசாயத்துக்கும் கட்டட வேலைக்கும் நம் நாட்டு இளைஞர்கள் வரிசையில் நின்று போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது, 2022-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு இந்த நாட்டில் அடுப்பெரிய வழியில்லை. ஆனால் ஒரு மக்களை மண்ணில் பிடித்துவைத்திருந்த கயிறுகளில் ஒன்று அறுந்தது, அறுத்த கத்தியில் நம் கைரேகையும் உண்டு. இதைப் பற்றி நம் கவிஞர்கள் ஏன் பேசவில்லை? ஒலிவ மரத்துக்கும் கல்லெறியும் சிறுவனுக்கும் எத்தனை கவிதை எழுதினோம்!

எகிப்து ஏற்காது என்பது உண்மைதான். 2025 மார்ச்சில் கெய்ரோவில் அரபு நாடுகள் கூடி மறுத்தன. அந்த மார்ச்சிலேயே இஸ்ரேல் ‘விரும்பி வெளியேறுவோருக்காக’ ஒரு தனிப் பிரிவு அமைக்க அனுமதித்ததையும் சேர்த்துப் படியுங்கள். விருப்பம்! எங்கள் பதிவேட்டுச் சொல் அப்படியே. 1967 தொடக்கம் கிழக்கு ஜெரூசலத்தில் 14,000-க்கு மேற்பட்டோரின் வதிவிட உரிமை இரத்தாகியிருக்கிறது, ஒரு குண்டும் வெடிக்காமல். அக்டோபர் போர்நிறுத்தத் திட்டத்தில் எவரும் கட்டாயப்படுத்தி அனுப்பப்படமாட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். வீடு, கிணறு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் மண்ணானபின் கட்டாயப்படுத்த என்ன தேவை இருக்கிறது?

கடுதாசியே இல்லாமலும் நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணம். அதே திகதி, இருபத்தாறு வருஷம் கழித்து. இரண்டு மணி நேர அவகாசம், கையில் சில நூறு ரூபா. சோனகத் தெரு வெறிச்சோடிற்று. வடக்கிலிருந்து மொத்தம் 75,000 பேரளவில் ஒரு மாதத்துக்குள் துடைத்தெடுக்கப்பட்டார்கள். அதற்கு முந்தின வாரம் எவரிடமும் கேட்டிருந்தால், தமிழ் பேசும் சகோதரர்கள் அப்படிச் செய்ய முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதை ஹிஜ்ரத் என்று உருக்கமாக எழுதியவர்களும் நம்மில் உண்டு. ஹிஜ்ரத் போகிறவன் எடுக்கும் முடிவு. துப்பாக்கி எடுக்கும் முடிவுக்கு அந்தப் பேர் கிடையாது. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்று ‘ஊர் எது’ என்று கேளுங்கள்.

அதனால் நண்பரே, ‘முடியுமா முடியாதா’ என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. முழுதாக முடியாது, பாதி எப்போதும் முடியும். அந்தப் பாதியை நடத்த மந்திரிமாரின் கையொப்பமும், பசியும், ஆள் அனுப்பும் அயல்நாடும், எங்கள் கடைத் தராசும் போதும். காஸாவைப் பற்றி அடுத்த கூட்டம் ஒக்டோபர் 30-இல் வைப்பதானால் நான் வருகிறேன். சோனகத் தெருவிலிருந்து வந்த ஒருவரையும், கூடலூரிலிருந்து எவரேனும் வர முடியுமானால் அவரையும் மேடைக்கு அழையுங்கள். வாப்பாவின் கடன் கொப்பி என்னிடம் இருக்கிறது, அதை நான் கொண்டுவருகிறேன்.