வெற்றிருக்கைகள்

பொதுத்தேர்வு நெருங்கும் காலத்தில் பள்ளிதோறும் மாலையில் சிறப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. மெல்லக் கற்போருக்கென அமைந்த அவ்வகுப்புகளுக்கு அவர்களுள் பலர் வருவதில்லை. 'அக்கறையற்றவர்' என்று கூறி வருகைப் பதிவேட்டை மூடிவிடுதல் எளிது. ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ஏழு மணிவரை காத்திருக்க வேண்டிய சிற்றூர் மாணவி என்ன செய்வாள்? தம்பி தங்கையரைப் பேண வீடு விரைபவளும், தந்தையின் தேநீர்க் கடையில் குவளை கழுவுபவனும் சோம்பேறிகள் அல்லர்.

இவற்றினும் பெருந்தடை நாணம். வகுப்பறையில் பெயர்களை உரக்க வாசித்து, 'நீங்கள் மட்டும் இருங்கள்' என நிறுத்தும்போது, கற்க அழைக்கும் அழைப்பே தண்டனையாகிவிடுகிறது. பதினைந்து வயதினர் தண்டனையை நாடித் தாமே வருவரோ?

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், வகுப்பே மாணவரைத் தேடிச் சென்றது. எட்டாம் வகுப்புவரை பயில்வோருக்குத் தன்னார்வலர்கள் குடியிருப்புப் பகுதிகளிலேயே மாலையில் கற்பித்தனர். மேல்வகுப்புகளிலும் ஒரே ஊர் மாணவரை இணைத்து இவ்வாறு பயிலச் செய்யலாம். மதிய இடைவேளையில் இருபது நிமிடங்கள் ஒதுக்கலாம். அதற்குமுன், வராதவனைத் தனியே அழைத்து, 'ஏன் வரவில்லை?' என்று அதட்டாமல், 'எந்த நேரம் உனக்கு ஏற்றது?' என வினவும் ஆசிரியர் வேண்டும்.